சீனி வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை

ஜூன் 18, புதன்

காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. யூனிஃபார்மை ஃபேனுக்குக் கீழே விரித்துப் போட்டும் ஈர நாற்றம். கணக்கில் கணங்கள் பயிற்சி பாதியில் நிற்கிறது. கடலில் தடைக்காலம், அதனால் இன்றும் முட்டைக் குழம்பு.

இதையெல்லாம் முதலில் எழுதியது விஷயத்தைத் தள்ளிப்போடத்தான். இனி விஷயம்.

சாயங்காலம் அன்சாரி மாமா வந்தார். உம்மாவின் தம்பி, பெருநாளைக்குத் தம்மாமிலிருந்து லீவில் வந்திருக்கிறார். கையில் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி. பின்னால் சமீனா மாமி, கையில் வாழையிலைப் பொட்டலம். பெட்டிக்குள் முயல். சாம்பல் நிறம். ஆண். என் சீனியைவிடச் சின்னது.

"ஒத்தைக்கு இருந்தா முயலு ஏங்கிச் செத்துப் போவும்ணு ஃபோன்ல பாத்தேன் மோளே," என்றார் மாமா. "அதான் ஒன் சீனிக்கு மாப்ள கொண்டாந்திருக்கேன். பேரு சுல்தான்."

முதலில் எனக்குச் சந்தோஷம்தான். அதையும் மறைக்காமல் எழுத வேண்டும். சீனி வந்து இரண்டு வருடம் ஆகிறது, அடுக்களைப் புறத்துக் கூட்டில் தனியாகத்தான் இருக்கிறாள். நான் பள்ளிக்கூடம் போய்விட்டால் அவளுக்கு யாரும் இல்லை. முயலுக்குத் துணை வேண்டும் என்று நூலகப் புத்தகத்தில் நானும் படித்திருக்கிறேன். ஆனால் அதே புத்தகத்தில் அடுத்த பக்கமும் இருக்கிறது. புது முயலைப் பழைய முயலின் கூட்டுக்குள் விடவே கூடாது. கூடு அவளுடைய எல்லை. அதுவும் பெண்முயல் என்றால் கடித்துக் குதறிவிடும். தனித்தனியாக வைத்து, ஒன்றின் வாசனை இன்னொன்றுக்குப் பழகி, பிறகு இரண்டுக்கும் சொந்தமில்லாத ஓரிடத்தில்தான் சந்திக்க விட வேண்டும்.

சொன்னேன். புத்தகத்தையே எடுத்து வந்து வாசித்தேன்.

"அது வெளிநாட்டு முயலுக்குள்ள சட்டம்ட்டி," என்றார் மாமா. "நம்ம குடும்பத்துல மாப்ளதான் பொண்ணு வீட்டுக்கு வருவான். ஒன் வாப்பா வரல்லியா? நான் இவ வீட்டுல போயிக் கெடக்கல்லியா? இவனுக்கு மட்டும் என்ன கேடு?"

எல்லோரும் சிரித்தார்கள். உம்மாவும்.

மாமி பொட்டலத்தைப் பிரித்தார். பிச்சிப்பூச் சரம். அதைச் சுல்தான் கழுத்தில் சுற்றினார். மாமா சட்டைப்பையிலிருந்து ஊது அத்தர் சீசாவை எடுத்து அவன் காதுக்குப் பின்னால், நெற்றியில், முதுகில் என்று தடவினார். "மாப்ள மணக்கணும்லா." மஸ்கட்டில் இருக்கும் வாப்பாவை வீடியோவில் அழைத்தார்கள். "பொண்ணுக்குச் சம்மதமாண்ணு கேட்டியளா?" என்றார் வாப்பா ஃபோனுக்குள்ளிருந்து. அதற்கும் சிரிப்பு. கேட்டவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

மாமா கூட்டைத் திறந்து அவனை உள்ளே விட்டார்.

சீனி கொஞ்ச நேரம் அசையவில்லை. மூக்கு மட்டும் துடித்தது. அந்த அத்தரில் அவனிடம் முயல் வாசனையே இல்லை. என்னவோ ஒன்று தன் வீட்டுக்குள் வந்து நிற்கிறது, அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். பின்னங்காலால் பலகையில் ஓர் அடி. பிறகு வெள்ளையும் சாம்பலுமாக ஒரே உருண்டை. ரோமம் பறந்தது. முயல் கத்தும் என்று எனக்குத் தெரியாது. இன்று கேட்டேன். கைக்குழந்தை அலறுவது போல இருந்தது. மாமா ஒரு கையில் ஃபோனைப் பிடித்தபடி, "எடு, எடு, அதப் பிடி," என்று என்னிடம் சொன்னார். நான்தான் உள்ளே கையை விட்டு அவனை வெளியே எடுத்தேன். மணிக்கட்டில் நீளமாகக் கீறல். சுல்தானின் இடது காது கிழிந்துவிட்டது. கூடு முழுக்கப் பிச்சிப்பூ, அதன் மேல் ரத்தம்.

மாமி சொன்னது: "இது என்ன சவம், இப்பிடிக் கடிக்கா? வந்த மாப்ளைக்கு ஒரு மரியாத வேண்டாமா?"

சீனியைத் திட்டினார்கள். அவள் வீட்டுக்குள் ஆளை ஏற்றிவிட்டு, அவளையே திட்டினார்கள். உம்மா என் கையில் மஞ்சள் வைத்துக்கொண்டே, "நீதான் செல்லம் குடுத்துக் கெடுத்து வச்சிருக்க," என்றாள்.

இனி இந்த நோட்டில் மாமாவின் பெயரை முழுதாக எழுதமாட்டேன். அ.மா. அவ்வளவு மை போதும்.

ஜூன் 19, வியாழன்

மழை விட்டுவிட்டு. அரைநாள் லீவ். உம்மாவும் நானும் ஆட்டோவில் கால்நடை ஆஸ்பத்திரிக்கு. சுல்தான் துணிக்கூடையில், சீனி என் மடியில். ஆட்டோக்காரர் வழி முழுக்கக் கண்ணாடியில் பார்த்தபடி வந்தார். இறங்கும்போது, "இதுல எது அத்தர் போட்டிருக்கு?" என்று கேட்டார்.

டாக்டர் அக்கா சுல்தானின் காதுக்கு மருந்து தடவினார். தையல் தேவையில்லை. அவர் சொன்னவை, மறக்காமலிருக்க:

– நான் புதனன்று சொன்னதெல்லாம் சரி. (உம்மா பக்கத்தில் இருக்கும்போதே சொன்னார். உம்மா சுவரிலிருந்த கோழி நோய்ப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.)
– ஆணையும் பெண்ணையும் இப்படியே சேர்த்து வைத்தால் மாதாமாதம் குட்டி. சுல்தானுக்குச் சின்ன ஆபரேஷன் செய்து, அதற்கப்புறமும் சில வாரம் பொறுத்துத்தான் பழக்கலாம்.
– அதுவரை தனி இடம். நடுவில் கம்பி. இவள் படுத்த துணியை அவனுக்கு, அவன் துணியை இவளுக்கு. கம்பிக்கு இருபுறமும் ஒரே நேரம் தீனி.
– அத்தர் கூடவே கூடாது. முயல் மூக்கால்தான் ஆளை அறியும்.
– அவசரப்படக் கூடாது. இதை வாசல் வரை வந்து மறுபடியும் சொன்னார்.

மத்தியானம் பள்ளிக்கூடம். தோழி ஜெனிஷாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ஏட்டி, ஒங்க வீட்டுல முயலுக்கே மாப்ள வந்தாச்சு. அடுத்தது நீதான்," என்றாள். சாப்பாட்டு நேரம் முழுக்க அவளிடம் பேசவில்லை. பிறகு கொய்யாக்காயில் பாதி தந்தாள். வாங்கிக்கொண்டேன். கோபம் அவள் மேல் இல்லை.

சாயங்கால வேலைகள்: பக்கத்து வீட்டில் நீல பிளாஸ்டிக் மீன்பெட்டி கேட்டு வாங்கியது. சோப்புப் போட்டுக் கழுவியது, மறுபடி கழுவியது, இன்னும் சாளை மணம். அது சுல்தானுக்கு. மூடியாகப் பழைய டேபிள் ஃபேனின் கம்பி. பெட்டியில் நீள ஓட்டைகள் உண்டு. சீனியின் கூட்டுக் கம்பிக்கு எதிரே வைத்தால் ஒன்றையொன்று மோந்து பார்க்கலாம், கடிக்க முடியாது. ஒரு சாண் இடைவெளி விட்டு வைத்திருக்கிறேன்.

சுல்தானை ஈரத்துணியால் துடைத்தேன். ஊது அத்தர் மணம் போகவில்லை. என் கையும் மணக்கிறது. இந்த நோட்டும்.

உம்மா ஃபோனில் அ.மா.விடம் ஆபரேஷன் விஷயத்தைச் சொன்னாள். அவர் சிரித்தது ஸ்பீக்கர் போடாமலே எனக்குக் கேட்டது. "மாப்ளைக்கு ஆப்பரேஷனா? பெறவு அவன என்னத்துக்குக் கொண்டாந்தேன்?"

துணையாக இருக்க. நீங்கள்தானே அப்படிச் சொன்னீர்கள்.

சீனி அகத்திக்கீரையில் பாதிதான் தின்றாள்.

ஜூன் 20, வெள்ளி

வெயில். துணியெல்லாம் காய்ந்தது. இன்றைக்கு நல்லது என்று சொல்ல அது ஒன்றுதான்.

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வாசலில் அ.மா.வின் செருப்பு. உள்ளே பேச்சு. நான் நுழைந்ததும் நின்றது. பேச்சு என்னைப் பற்றியிருக்கும், இல்லையென்றால் சீனியைப் பற்றி. சீனியைப் பற்றித்தான்.

ஞாயிற்றுக்கிழமை கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு முயல் பண்ணைக்காரர் வருவாராம், அ.மா.வின் கூட்டுக்காரர், பழைய சிநேகிதர். சீனியை எடுத்துப் போவாராம். சுல்தான் இங்கே இருப்பானாம்.

மறுபடி எழுதுகிறேன், தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று நாளை எனக்கே தோன்றக் கூடாது. நேற்று வந்தவன் இருப்பான். இவ்வளவு நாள் இருந்தவள் போவாள். காரணம், அவள் சண்டைக்காரி. ஒரு வீட்டில் சண்டை கூடாது.

"சுல்தான அனுப்பினா என்ன?" என்று கேட்டேன்.

உம்மா கண்ணால் அடக்கினாள். அ.மா. சாயாவை ஊதிக்கொண்டே, "நான் ஆசையா தந்தத எனக்கே திருப்பித் தாறியளா? தாங்கோ. எனக்கு ஒண்ணும் இல்ல," என்றார். ஒன்றும் இல்லாத முகமா அது.

உடனே உம்மா, "அவ சின்னப் பிள்ள, அவளுக்கு என்ன தெரியும்? நீ சாயா குடி," என்றாள்.

அ.மா. தந்ததைத் திருப்பிக் கொடுப்பது எங்கள் குடும்பத்தில் அவர் முகத்தில் கதவைச் சாத்துவது மாதிரி. பெரியும்மா ஒரு தடவை அவர் கொண்டுவந்த மிக்ஸியைத் திருப்பிக் கொடுத்தார். அதற்கடுத்த பெருநாளுக்கு அ.மா. அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அது எனக்கும் தெரியும். ஆனால் மிக்ஸிக்கு இடம் வேண்டும் என்று வீட்டிலிருந்த ஒருத்தியை யாரும் வெளியே அனுப்பவில்லை.

"பண்ணையில அவள என்ன செய்வாவ?"

"வளப்பாவ. கூட்டமா இருக்கும், குட்டி போடுவா. ராஜாத்தி மாதிரி இருப்பா," என்றார் அ.மா. பிறகு கண்ணைச் சிமிட்டினார். "இல்லேன்னாலும் முயலு ஹலாலுதானே."

சொல்லிவிட்டுத் தமாஷ் என்றார். "சும்மா இரி," என்று உம்மா அவர் தோளில் தட்டினாள். தட்டினாள், அவ்வளவுதான். கன்னத்தில் அறைய வேண்டிய பேச்சுக்குத் தோளில் ஒரு தட்டு.

நான் அந்த நூலகப் புத்தகத்தை அவர் முன்னால் வைத்தேன். தட்டைப் போல ஒதுக்கினார். "படிச்சது போதும் மக்கா. முயலுக்குப் புத்தகம் தெரியாது."

உண்மை. அதனால்தான் யாராவது அவளுக்காகப் படிக்க வேண்டியிருக்கிறது. இந்தப் பதில் அப்போது வாயில் வரவில்லை. பல் தேய்க்கும்போது வந்தது.

வாப்பாவை அழைத்தேன். சைட்டில் இருந்தார், பின்னால் இயந்திரச் சத்தம். "உம்மா சொல்லுகத கேளு மோளே. நான் வரும்பம் வேற ஒண்ணு வாங்கித் தாறேன்." வேறு ஒன்றாம். சரி என்று சொல்லாமலே ஃபோனை உம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

ஜூன் 21, சனி

டியூஷனுக்குப் போகவில்லை. தலைவலி என்றேன். பொய்.

பகல் முழுக்கக் கூட்டுப் பக்கம். பார்த்தவை:

துணியை மாற்றிப் போட்டதும் சீனி முதல் வேலையாக அதன் மேல் மூத்திரம் போனாள். பிறகு மோந்தாள். பிறகு பல்லால் இழுத்து மூலையில் தள்ளினாள். ஆனால் கிழிக்கவில்லை. வியாழனன்று கிழித்தாள்.

செம்பருத்தி இலை, கம்பிக்கு இந்தப் பக்கம் ஒரு கட்டு, அந்தப் பக்கம் ஒரு கட்டு. சீனி பின்னங்காலால் பலகையை அடித்துப் பார்த்தாள். சுல்தான் பெட்டியின் மூலையில் ஒடுங்கினான். பிறகு பசி. இரண்டும் தின்றன, சண்டை போட்ட சொந்தக்காரர்கள் கல்யாணப் பந்தியில் எதிரெதிரே உட்கார்ந்த மாதிரி, முகம் பார்க்காமல்.

சுல்தான் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவன் கேட்டா வந்தான்? காதில் மருந்து தடவும்போது கண்ணை மூடிக்கொள்கிறான். சாதுவான பிறவி. ஒழுங்காக அறிமுகம் செய்திருந்தால் சீனிக்கு நல்ல துணையாக இருந்திருப்பான். அத்தரும் பூவும் வீடியோவுமாக அவனையும்தான் கடி வாங்க வைத்தார்கள்.

பெட்டியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்தினேன். சீனி ஒன்றும் செய்யவில்லை. வந்து மோந்தாள், போய்ப் படுத்தாள்.

டாக்டர் சொன்னது நடக்கிறது. அதனால்தான் ஆத்திரம் இன்னும் கூடுகிறது. நடக்காவிட்டால்கூட மனசை ஆற்றிக்கொள்ளலாம். நாள் மட்டும் போதவில்லை. அ.மா.வின் லீவு முடிவதற்குள் முயல்கள் சொந்தமாகிவிட வேண்டுமாம். இல்லையென்றால் சீனி பண்ணைக்காரரின் கூடைக்குள்.

உம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். போய் நின்றேன்.

"நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும்."

"என்ன சொல்ல?"

"சீனி போவாதுண்ணு."

"சொல்லிப்போட்டு? அன்சாரி முகத்த நான் எப்பிடிப் பாப்பேன்?"

"டாக்டர் சொன்னத நீங்களும் கேட்டியள்லா."

"கேட்டேன்." துருவல் நிற்கவில்லை. "ஒன் வாப்பாக்கு விசாவுக்கு அலைஞ்சது ஆரு? நான் ஆஸ்பத்திரியில கெடந்தப்பம் ராவும் பகலும் நிண்ணது ஆரு? ஒரு முயலுக்கு வேண்டி அவன்கிட்ட மொறைக்கச் சொல்லுகியா?"

"முயலுக்கு இல்ல. சீனிக்கு."

"ரெண்டும் ஒண்ணுதானே."

"ஒண்ணில்ல."

சிரட்டையை எடுத்து முற்றத்தில் எறிந்தேன். கோழிகள் சிதறின. உம்மா திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. அடுத்த தேங்காயை எடுத்தாள். அதற்கும் எனக்குக் கோபம்.

சீனியை ஜெனிஷா வீட்டில் ஒளித்து வைக்கலாமா என்று அவளை அழைத்துக் கேட்டேன். அங்கே நாய் இருக்கிறது. "நாயக் கெட்டிப் போடுகேன். அம்மையக் கெட்டிப் போட முடியாதுட்டி," என்றாள்.

ஜூன் 22, ஞாயிறு

மேகம், மழை இல்லை. கடல் இரைச்சல் வீடு வரை.

காலையில் சீனிக்கு முருங்கை இலை, அருகம்புல், ஒரு துண்டு கேரட். உம்மா ஒரு பையில் அவள் துணியையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் கட்டி வைத்திருந்தாள். அவிழ்த்து எல்லாவற்றையும் பழைய இடத்தில் வைத்தேன். உம்மா மறுபடி கட்டினாள். மறுபடி அவிழ்த்தேன்.

நாங்கள் காலைப் பசியாறி முடித்ததும் அ.மா. வந்தார். கூடவே பண்ணைக்காரர், ஸ்கூட்டரின் பின்னால் கம்பிக்கூடை. "தங்கமான மனுசன்," என்று அறிமுகம். பெயரும் சொன்னார். எழுதமாட்டேன்.

கூட்டுக்கு முன்னால் போய் நின்றேன். அ.மா. என் தோளைப் பிடித்து நகர்த்தினார். அழுத்தவில்லை. சிரித்துக்கொண்டே நகர்த்தினார். அழுத்தியிருந்தால் தேவலை.

பண்ணைக்காரர் கூட்டைத் திறந்து சீனியைக் காதைப் பிடித்துத் தூக்கினார். காதைப் பிடித்து. அவள் அந்தரத்தில் காலை உதறினாள். அவர் மற்றக் கையால் முதுகெலும்பின் இரண்டு பக்கமும் பெருவிரலால் அழுத்தினார். பிறகு தொடையை. பிறகு உள்ளங்கையில் ஏந்தி லேசாக மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார்.

உம்மா சாயா டம்ளரோடு வாசற்படிக்கு வந்திருந்தாள். நான் கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் டம்ளரைப் படியில் வைத்தாள்.

"நில்லுங்கோ. என்னது அது, அமுக்கிப் பாக்கியது?"

"சும்மா, எவ்வளவு தேறும்ணு பாத்தேன்," என்றார் அவர்.

"குட்டி போட வளக்கியதுக்கு எதுக்குத் தொட பாக்கியோ?"

அவர் அ.மா.வைப் பார்த்தார். அ.மா. ஸ்கூட்டரைப் பார்த்தார்.

சந்தையில் கோழி வாங்கும்போது உம்மாவும் இப்படித்தான் அமுக்குவாள். இதே பெருவிரல், இதே ஆட்டம். நான் கூடப் போய்ப் பார்த்திருக்கிறேன்.

"என்கிட்ட நீ என்ன சொன்ன, அன்சாரி? வளப்பாவண்ணுதானே சொன்ன?"

"லாத்தா, பெருநாளைக்கு ஆடு அறுத்தோம். அப்பம் ஒண்ணும் தோணல்லியா? ஒரு முயலுக்குப் போயி..." என்று அக்காவிடம் இழுத்தார் அ.மா.

"ஆட்ட அறுக்கப் போறோம்ணு சொல்லிதான் வாங்குனோம். எம்பிள்ளைகிட்டப் பொய் சொல்லி வாங்கல்ல."

உம்மா படியிறங்கிப் போய்ச் சீனியை வாங்கினாள். நெஞ்சுக்கு ஒரு கை, அடியில் ஒரு கை. சரியாகப் பிடித்தாள். இதற்கு முன் ஒரு நாளும் அவள் சீனியைத் தூக்கியதில்லை. நான் தூக்குவதைப் பார்த்திருக்கிறாள் போல.

"இது எங்கயும் போவாது. நீ தந்ததும் இஞ்சதான் இருக்கும். ரெண்டு கூடு. முடிஞ்சு."

"அப்பம் நான் பொய்க்காரன்," என்றார் அ.மா.

உம்மா சீனியின் காதைத் தடவிப் பார்த்தாள். அ.மா. போய் ஸ்கூட்டரின் பின்சீட்டில், கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பண்ணைக்காரருக்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. உம்மா அந்தச் சாயாவை எடுத்து அவரிடம் நீட்டினாள். ஆறியிருக்கும். நின்றுகொண்டே குடித்தார். "நல்ல சாயா," என்றார். அந்த டம்ளரைப் பிடுங்கி எறிய வேண்டும் போலிருந்தது எனக்கு. காதைப் பிடித்துத் தூக்கியவருக்கு என்ன சாயா.

போய்விட்டார்கள்.

கூட்டுக்குள் தலையை விட்டு அழுதேன். சீனி என் மூக்குக்கண்ணாடியின் காலைக் கடித்துப் பார்த்தாள். அவள் காது சிவந்திருக்கிறது, வேறு ஒன்றுமில்லை.

சந்தோஷம் கொஞ்ச நேரம்தான் நின்றது. பிறகு யோசித்தேன். ரெண்டு கூடு, முடிஞ்சு. மூன்று வார்த்தை. இதை உம்மா வெள்ளிக்கிழமை சொல்லியிருக்கலாம். டாக்டரிடமிருந்து திரும்பிய ஆட்டோவில் சொல்லியிருக்கலாம். நான் வாசித்துக் காட்டினேன், கெஞ்சினேன், டாக்டர் வாயாலும் கேட்டாள். அதெல்லாம் போதவில்லை. அந்த ஆளின் பெருவிரலைப் பார்த்த பிறகுதான் நம்பினாள்.

ஜூன் 23, திங்கள்

மறுபடி மழை. கணக்குத் தேர்வு சுமார். கணங்களில் ஒரு கேள்வியை விட்டுவிட்டேன். நூலகப் புத்தகம் தவணை தாண்டிவிட்டது. இன்னும் ஒரு வாரத்துக்கு எழுதி வாங்கினேன்.

அ.மா. ஃபோன் எடுக்கவில்லை. உம்மா காலையில் அழைத்தாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோதும் அழைத்துக்கொண்டிருந்தாள். அஸர் தொழுகைக்குப் பிறகு மாமி எடுத்து, "அவிய உறங்குகாவ," என்று வைத்துவிட்டார். அந்த நேரத்தில் யார் உறங்குவார்? உம்மா ஃபோனை மடியில் கவிழ்த்து வைத்து, அரிசியில் கல் பொறுக்கினாள். கல்லே இல்லாத அரிசி.

அவள் எதற்குப் பயந்தாளோ அது நடந்துவிட்டது. போய்ப் பக்கத்தில் உட்காரத் தோன்றியது. உட்காரவில்லை. அ.மா. மேல் கோபம் ஒன்று கூடியிருக்கிறது, உம்மாவை இப்படி உட்கார வைத்ததற்கு. உம்மா மேல் இருப்பது அதனால் குறையவில்லை. இரண்டும் தனித்தனியாக இருக்கின்றன.

சீனி இன்று பெட்டிக்கு எதிரே படுத்திருந்தாள், முதுகைக் காட்டிக்கொண்டு. முதுகைக் காட்டுவது நல்ல அறிகுறியா என்று புத்தகத்தில் தேடினேன். இல்லை. டாக்டரிடம் கேட்க வேண்டும்.

விளக்குப் போடும் நேரம் உம்மா அளவுநாடாவைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள்.

"ஆசாரி நாளைக்கு வாறாராம். கூட்டப் பெருசாக்கி நடுவுல கம்பி அடிக்கணும். எவ்வளவு பலக வேணும்ணு நீயே அளந்து சொல்லு. ஒனக்குதானே தெரியும்."

ஒனக்குதானே தெரியும். இன்றைக்குச் சொல்கிறாள்.

"சரி," என்றேன். முகத்தைப் பார்க்கவில்லை.

குடையைத் தோளில் இடுக்கிக்கொண்டு போய் அளந்தேன். சீனியின் பக்கத்தை ஒரு சாண் கூட்டியே எழுதிக் கொடுத்தேன்.